இட்டேரியில் ஓடுவது

ஆலாந்துறையைத் தாண்டி நரசீபுரம் போகிற வழியில், தார் ரோட்டிலிருந்து ஒரு இட்டேரி பிரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலி மேல் கோவைக்கொடி, அடியில் பிரண்டை, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் செம்மண். எதிரே மலை சுவர் மாதிரி நிற்கும். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓடுவது இங்கேதான்.

அதற்கு முன்னால் ரேஸ் கோர்ஸில் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டரை கிலோமீட்டர் சுற்றும் நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று காலுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, கண்ணுக்கு வேலையே இல்லை. டிரெயில் ரன்னிங், அதாவது தார் ரோட்டை விட்டு மண்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடுவது, என்றதும் நம் ஆட்கள் சிக்மகளூர் காபித் தோட்டம், குடகு என்று கிளம்புகிறார்கள், போகட்டும், அதுவும் அருமையான பாதைதான். எனக்கு ஒரே ஆதங்கம், கோயம்புத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் மலை அடிவாரமும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் கிடக்கிறது, பாதைகளுக்கு நம் பாட்டன் பூட்டன் பேர் வைத்தும் விட்டுப் போயிருக்கிறார்கள், அதில் ஓட ஆளைக் காணோம்.

பேர் என்றால் சும்மா பேர் இல்லை. ஒவ்வொரு தடத்திலும் ஓட்டம் வேறு. இட்டேரியில் நிழல் உண்டு, மண் மெத்தென்று இருக்கும், ஆனால் வேலிமுள் விழுந்து கிடக்கும். அதிலும் வேலிக்காத்தான் முள் ஷூவின் அடி நுரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும், இடுப்புப் பையில் ஒரு ஊக்கு இல்லாமல் நான் போவதே இல்லை. வண்டித்தடத்தில் இரண்டு சக்கரப் பள்ளம், நடுவில் புல் மேடு. மழைக்கு அப்புறம் பள்ளம் வழுக்கும், மேட்டில் ஓட வேண்டும். ஆட்டுத்தடம் கரட்டின் மேல், அதாவது சின்னக் கல் குன்றின் மேல், சரளைக்கல்லோடு நெளிந்து ஏறும், ஒரு பாதம் வைக்கத்தான் இடம். அப்புறம் யானைத்தடம். அது எவ்வளவு செங்குத்தான மலையிலும் சரிவு சீராக, வளைந்து வளைந்து போகும். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிற உயிர் சுலபமான வழியைத்தான் தேடும். பார்த்தால் ஓடச் சொல்லி ஆசை காட்டும். அதில் நான் ஓடுவதில்லை.

நான் வன எல்லைக் கல்லைத் தாண்டுவதே இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். சட்டமே இல்லாவிட்டாலும் போக மாட்டேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தோட்டங்கள், ஓடைகள், கரடு எல்லாவற்றையும் கோத்தால் 14 கிலோமீட்டர் வருகிறது, எனக்கு அது போதும்.

கரட்டில் ஏறும்போது நடப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது அவமானமாகப் படுகிறது, முதல் ஏற்றத்திலேயே மூச்சைப் பிடித்து ஓடிவிட்டு, உச்சியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மோன் பிளாங் மலையைச் சுற்றி 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பந்தயம் 2003-லிருந்து நடக்கிறது, மொத்த ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். அதில் முன்னால் போகிறவர்களே செங்குத்தான இடம் வந்தால் கையை முட்டியில் ஊன்றி வேகமாக நடக்கிறார்கள். ஏற்றத்தில் ஓட்டத்துக்கும் நல்ல நடைக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, செலவாகிற மூச்சில்தான் வித்தியாசம்.

உண்மையில் காலைக் கெடுப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, அதனால்தான் இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. அடியைச் சின்னதாக வைக்கணும், பின்னால் சாயக்கூடாது, கண் மூன்று நான்கு காலடி முன்னால் இருக்கணும். இவ்வளவும் தெரிந்தும் போன வருஷம் சரளைக்கல்லில் வலது கணுக்காலை மடக்கிக்கொண்டேன். ஒரு மயில் பறந்தது, பார்த்தேன், அவ்வளவுதான். நான்கு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும், கால் தரையில் ஊன்றவில்லை.

அப்போது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் மூங்கில் தடியைக் கொடுத்தார். "இதை ஊனிட்டுப் போங்க அம்மிணி, எறக்கத்துல தடிதான் மூணாவது காலு." வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஏன் மூங்கில் தடியோடு போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் என் காலுக்குப் புரிந்தது. தடியைத் திருப்பிக் கொடுக்கப் போனதிலிருந்து அவர் எனக்கு அப்புச்சி ஆகிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அவரைப் பார்த்து, யானை நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கரட்டுப் பக்கம் திரும்புகிறேன்.

அவரிடம் கேட்காமல் போன ஒரே ஒரு நாள் ஆடி மாசத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, மலையைப் பார்த்து ஓடினால் முகத்தில் அறைகிற காற்று. நமக்கு அது சுகமான குளிர்ச்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள், காற்று அங்கிருந்து நம்மை நோக்கி வருகிறது, நம் வாசம் முன்னால் நிற்கிற யானைக்குப் போகாது, காற்று இரைச்சலில் காலடிச் சத்தமும் கேட்காது. இரண்டு பேருமே எதிர்பாராமல் முட்டிக்கொள்ள இதைவிட வசதியான பருவம் இல்லை.

பாக்குத் தோப்பு முடிகிற திருப்பத்தில் யானை லத்தி கிடந்தது. நின்று குனிந்து பார்த்தேன். நான்கு உருண்டை, ஒன்று மட்டும் விழுந்து உடைந்திருந்தது, உள்ளே தென்னங்குருத்து நார் வெளுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. லேசாக ஆவி. ஒரு ஈ இல்லை, ஒரு வண்டு இல்லை. சாணி வண்டு மோப்பம் பிடித்து வருவதற்கு முன்னால் நான் வந்திருக்கிறேன் என்று புரிந்ததும் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. பக்கத்தில் ஈர மண்ணில் தட்டு மாதிரி ஒரு கால் தடம், அதன் விளிம்பு உதிராமல் கூர்மையாக நின்றது.

யானை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தத் தடத்தில் என் வேகம் ஏழு, நல்ல நாளில் எட்டு. திரும்பிவிட்டேன். ஓடவில்லை, சத்தமில்லாமல் நடந்து வந்தேன். இட்டேரி முனையில் அப்புச்சி கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங் கண்ணு, காத்தால இருந்து ஒத்தை ஒண்ணு பள்ளத்துல நிக்குது, உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்." அன்றைக்கு ஓடியது ஐந்து கிலோமீட்டர். அதற்கப்புறம் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் கிளம்புகிறேன். தோட்டத்துக்குள் வாழையும் மக்காச்சோளமும் தின்ன வந்தவை அநேகமாக விடியலில்தான் காட்டுக்குத் திரும்பும், அந்த நேரத்தில் குறுக்கே போவது அவற்றின் வழியை மறிப்பதுதான்.

ஓட்டத்தின் கடைசிப் பகுதி ஓடைக் கரை. எனக்குப் பிடித்ததும் அதுதான். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் இந்த மாதிரி ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல் ஆகிறது, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பேருள்ள ஊர்ப் பக்கம் போய் காவிரியில் கலக்கிறது. கீழே திருப்பூரைத் தாண்டி அந்த ஆற்றைப் பார்த்தவர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும். மருத மரத்து வேர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். ஷூவைக் கழற்றி கணுக்கால் வரைக்கும் பத்து நிமிஷம் வைத்தால் வலி இறங்கிவிடும். அங்கே உட்கார்ந்து ஒரு கடலை மிட்டாய், பாட்டிலில் உப்புப் போட்ட மோர்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது இட்டேரியின் ஒரு பக்கத்து வேலி பாதி தூரத்துக்கு இல்லை. ஜேசிபி வைத்துப் பிடுங்கி, கிளுவையும் பிரண்டையும் ஒரு குவியலாகக் கிடந்தன, உள்ளே மனை பிரித்து வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். செம்மண்ணின் மேல் ஜல்லி கொட்டியிருந்தது. அந்த வேலியில்தான் கீரி பார்த்திருக்கிறேன், செம்போத்துக் கூடு பார்த்திருக்கிறேன். வெட்டிப்போட்ட கிளுவைக் கிளை ஒன்று இன்னும் பச்சையாக இருந்தது. கிளுவை போத்து நட்டால் பிடித்துக்கொள்ளும், அதனால் இரண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புச்சி ஆடுகளோடு தார் ரோட்டு ஓரத்தில் நின்றிருந்தார். இனி எந்த வழியாக ஓட்டிப் போவீர்கள் என்று கேட்டேன்.

"இந்த ரோட்டு மேலதானுங் அம்மிணி."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஆடுகள் சிதறின. நான் வண்டிகள் வருகிற பக்கமாக நின்றுகொண்டேன், அவர் மறு பக்கம், கரட்டுத் தடம் பிரிகிற இடம் வரைக்கும் இரண்டு பேருமாக ஆடுகளை நடுவில் விட்டு நடந்தோம்.