இரண்டாம் முறை எழுதியவளின் குறிப்பு: அடர்ந்த வாயுக் கேள்வி

பெறுபேறு வெள்ளிக்கிழமை வந்தது. வானியற்பௌதிகத்தில் தேறிவிட்டேன். சென்ற வருடம் என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான்: உருவாகும் விண்மீனைச் சூழ்ந்த அடர்ந்த வாயுவை எப்படி அவதானிப்பது? காபனோரொட்சைட்டு என்று இரண்டு பக்கம் எழுதினேன். இருபத்தைந்துக்கு நான்கு புள்ளிகள்!

எங்கே பிழைத்தேன் என்பது ஹட்டனில் லயத்து வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அம்மா கொழுந்து பறிக்கப் புறப்படும் நேரம். மூடுபனியின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது, எதிர்மலை இல்லை. காபனோரொட்சைட்டு 115 கிகாஹேட்ஸ் அதிர்வெண்ணில் வெளியிடும் நிறமாலைக் கோடும் அப்படித்தான். வெளியே பரவிக் கிடக்கும் மெல்லிய வாயுவிலேயே ஒளிர்ந்து, உள்ளே பார்க்க விடாது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 20 கெல்வினுக்குக் கீழே தூசியில் உறைந்து மறைந்தும்விடும்.

ஆகவே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எங்கே ஒளிரும் என்பதை விட, எங்கே காணாமற்போகும் என்று படியுங்கள். என்டூஎச் பிளஸ் (N₂H⁺, நைதரசனும் ஐதரசனும் சேர்ந்த அயன்; கோடு 93.2 கிகாஹேட்ஸ்) குளிர்ந்த அடர்ந்த வாயுவில் செழிக்கும். விண்மீன் சூடாக்கியதும் காபனோரொட்சைட்டு ஆவியாகி வந்து அதைத் தின்றுவிடும். நடுவில் ஓட்டை விழும். இம்முறை நிரம்பிய வட்டம் வரையாமல் வளையம் வரைந்தேன். என்னைக் கரையேற்றியது அந்த வளையம்தான். வேறு காரணம் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

மற்றவை:
- மற்றக் கோடுகள்: அமோனியா 23.7, எச்சிஓ பிளஸ் (HCO⁺ அயன்) 89.2 கிகாஹேட்ஸ். மேலும் மனனம் வேண்டாம்.
- கோடு இரண்டு முகடாகப் பிரிந்து, நீலப்பக்க (அதிர்வெண் கூடிய பக்க) முகடு உயர்ந்தால் உட்சரிவு, அதாவது வாயு மையத்தை நோக்கி விழுகிறது. ஆனால் ஒளி எளிதில் ஊடுருவும் கோடு ஒன்றின் முகடு நடுப்பள்ளத்தில் விழுகிறதா என்றும் காட்டுங்கள். இல்லையேல் அந்த இரு முகடுகளும் இரண்டு வேறு வாயு முகில்களாகவும் இருக்கலாம்.
- குழுப் படிப்பு? எனக்கு அரட்டையில்தான் முடிந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு குறும்புக் கேள்வி: அல்மா என்ற மில்லிமீற்றர் அலைத் தொலைநோக்கியின் 66 அன்ரனாக்களை ஏன் சிலியில் 5,000 மீற்றர் உயர அற்றகாமாப் பாலைவனத்தில் வைத்தார்கள், நமது பிதுருதலாகலை மலை போதாதா? 2,524 மீற்றர் என்று உயரத்தைச் சொல்லி நிறுத்தாதீர்கள். காற்றிலுள்ள நீராவி மில்லிமீற்றர் அலைகளை விழுங்கும், வறட்சிதான் முக்கியம். அன்று நான் நனைந்த குடையோடுதான் உள்ளே போயிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டினேன்.