43 புள்ளிகள்: தியறிப் பரீட்சையில் தவறியவனின் குறிப்புகள்

பத்து நாட்களுக்கு முன்னர் பிரித்தானியாவின் சாரதித் தியறிப் பரீட்சையில் நான் தவறினேன். பல்தேர்வு வினாக்களில் 50 இற்கு 48 எடுத்தேன். வீதிக் காணொளிகளைப் பார்த்து, ஆபத்து உருவாகும்போது கிளிக் செய்ய வேண்டிய ஹசார்ட் பகுதியில் 75 இற்கு 43 எடுத்தேன். அங்கே வேண்டியது 44. முதற்பகுதியில் 43 எடுத்திருந்தாற்கூடச் சித்தி என்பதையும், அதே 43 இரண்டாம் பகுதியில் தோல்வி என்பதையும் வீடு திரும்பும் பேருந்தில் பெறுபேற்றுக் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியில் தவறினால் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும், 23 பவுணையும் மறுபடி கட்ட வேண்டும் என்பதால், அந்த 48 இப்போது எனக்கு எதற்கும் உதவாது.

சித்தியடைந்தவர்கள் எழுதும் வழிகாட்டல்கள் ஏராளமாக உள்ளன. அவற்றை வாசித்துவிட்டுத்தான் நானும் போனேன். அவற்றில் பெரும்பாலானவை புதிதாக வாகனம் ஓட்டக் கற்பவருக்காக எழுதப்பட்டவை. ஏற்கெனவே பல ஆண்டுகள் ஓட்டிப் பழகிய ஒருவர் எந்த இடத்தில் இடறுவார் என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே இது முக்கியமாக என்னைப் போன்றவர்களுக்கு, அதாவது ஊரில் அனுமதிப்பத்திரம் வைத்திருந்து, இங்கே குடியேறி, அதைக் கொண்டு ஓட்டக்கூடிய பன்னிரண்டு மாதங்களும் கழிந்த பிறகு, கற்பவருக்கான புரொவிஷனல் அட்டையோடு தொடக்கத்திலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்கு.

நான் இலங்கையில் பதினொரு ஆண்டுகள் வான் ஓட்டியவன். அதில் பெரும் பகுதி ஏ-9 வீதியில், அதுவும் இரவில். வெளிச்சம் இல்லாத துவிச்சக்கரவண்டி, வீதியின் நடுவில் படுத்திருக்கும் மாடு, சமிக்ஞை போடாமலே திரும்பும் முச்சக்கரவண்டி ஆகியவற்றோடு பழகிய கண்ணுக்கு, நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு நாய் தலையைத் தூக்கினாலே கால் பிறேக்கின் மேல் போய்விடும். ஹசார்ட் பகுதிக்கு நான் ஒழுங்காகப் பயிற்சி எடுக்காததற்கு இதுவே காரணம். ஆபத்தைக் காண்பதற்கு எனக்கு யார் படிப்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். பல்தேர்வு வினாக்களுக்கு ஆறு வாரங்கள் படித்தேன். காணொளிகளுக்கு ஒரு மாலைப்பொழுதை மட்டும் ஒதுக்கினேன்.

அன்று நடந்தது இதுதான். பல்தேர்வுப் பகுதியை 57 நிமிடங்களில் அரைவாசி கூட ஆகுமுன் முடித்துவிட்டேன். அதன் பிறகு தரப்படும் மூன்று நிமிட இடைவேளையை எடுக்கவில்லை. முதல் நான்கைந்து காணொளிகள் இலகுவாகத் தோன்றின. பிறகு ஒரு குடியிருப்புத் தெரு வந்தது. இருபுறமும் நிறுத்திய கார்கள், வாசலில் ஒருவர், முன்னால் ஒரு பொதி விநியோக வான், தூரத்தில் ஒரு பேருந்துத் தரிப்பிடம். நான் கண்ட ஒவ்வொன்றுக்கும் கிளிக் செய்தேன். திரையின் அடியில் சிவப்புக் கொடிகள் வரிசையாக எழுந்தன. காணொளி முடிந்ததும், என்னுடைய கிளிக்குகள் ஏற்றுக்கொள்ள முடியாத விதத்தில் இருந்ததால் அதற்குப் புள்ளி இல்லை என்ற அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பினால் போனது ஐந்து புள்ளிகள் மட்டும்தான். அது தந்த பயத்தினால் போனவை அதைவிட அதிகம். அடுத்து வந்த இரண்டு மூன்று காணொளிகளில் ஒரேயொரு கிளிக் மட்டும் செய்துவிட்டு, கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். என் பழக்கப்படி அந்த ஒரு கிளிக்கும் முன்கூட்டியே விழுந்திருக்கும். கடிதம் மொத்தப் புள்ளியை மட்டுமே சொல்கிறது; எந்தக் காணொளியில் எவ்வளவு என்று சொல்வதில்லை. ஆகவே இது என் ஊகம். ஆனாலும் வீட்டில் மாதிரிக் காணொளிகளைச் செய்து பார்த்தபோது அதே தவறு திரும்பத் திரும்ப வந்ததால், ஊகம் சரியென்றே நம்புகிறேன்.

இந்தப் பகுதி நீங்கள் ஆபத்தை எவ்வளவு முன்கூட்டி மணந்து பிடிக்கிறீர்கள் என்பதை அளப்பதில்லை. நிறுத்தி வைத்திருக்கும் கார் ஒன்று வெறும் சாத்தியம் மட்டுமே. அதன் சமிக்ஞை விளக்கு மினுங்கி, முன்சக்கரம் வெளியே திரும்பத் தொடங்கும்போதுதான், வேகத்தையோ திசையையோ நீங்கள் மாற்ற வேண்டிய 'உருவாகும் ஆபத்து' ஆகிறது. அந்தக் கணத்தில் புள்ளிச் சாளரம், அதாவது கிளிக்குக்குப் புள்ளி கிடைக்கும் சிறு நேரம், திறக்கிறது. திறந்தவுடன் கிளிக் செய்தால் 5, பிறகு 4, 3, 2, 1 என்று இறங்கி மூடுகிறது. சாளரம் திறப்பதற்கு அரைச் செக்கன் முன்னர் செய்த கிளிக்குக்குப் பூச்சியம்தான். அதாவது, காணொளியைப் பாதித் தூக்கத்தில் பார்த்துவிட்டுக் கடைசியில் திடுக்கிட்டு அழுத்தியவருக்கு ஒரு புள்ளி கிடைக்கிறது, எல்லாவற்றையும் கண்டுவிட்டு முந்தியவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இது நியாயமா என்று பத்து நாட்களாக யோசித்தும் எனக்குத் திருப்தியான விடை வரவில்லை. விதி என்னவோ அதுதான்.

இப்போது நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்திருங்கள். காணொளி ஓடும்போது திரையில் தெரிவதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். 'கார் நிற்கிறது. பஸ் நிற்கிறது. பெண் ஒருவர் நடைபாதையில் இருக்கிறார். சைக்கிள் முன்னால் போகிறது.' இந்த வினைச்சொற்கள் மாறாதிருக்கும் வரை விரல் அசைவதில்லை. 'கார் புறப்படுகிறது', 'பெண் இறங்குகிறார்', 'சைக்கிள் விலகுகிறது' என்று வினை மாறும் கணத்தில் கிளிக். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிறு தாமதம் தானாகவே ஏற்படுகிறது. முந்துகிற கைக்கு வேண்டியது அந்தத் தாமதம்தான். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், எனக்கு உதவவில்லை. பரீட்சை மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஆயினும் ஒரு கிழமை உரக்கச் சொல்லிப் பழகிய பிறகு அது மனதுக்குள்ளேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

முதல் கிளிக்குக்குப் பின் ஒரு மூச்சு விட்டு இரண்டாவது கிளிக்கையும் செய்ய வேண்டும். முதலாவது முந்திவிட்டிருந்தாலும் இரண்டாவது சாளரத்துக்குள் விழக்கூடும். முதலாவதே உள்ளே விழுந்திருந்தால் இரண்டாவதால் நட்டம் இல்லை, ஏனென்றால் சாளரத்துக்குள் விழும் முதல் கிளிக்குக்கே புள்ளி. ஆனால் இதைச் சீரான தாளத்தில் செய்யக்கூடாது, காணொளி முழுவதும் தெளித்துக்கொண்டும் போகக்கூடாது. மொத்தக் கிளிக்குகள் ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்; அது என் சொந்த எல்லை, விதி அல்ல.

என் மனைவிக்கு இந்த அறிவுரை சற்றும் பொருந்தாது. அவர் எதற்கும் நின்று யோசிப்பவர். மாதிரிக் காணொளிகளில் அவருக்கு எப்போதும் ஒன்றும் இரண்டுமாகவே வரும், பூச்சியம் வருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் வினைச்சொல்லுக்குக் காத்திருந்தால் சாளரம் மூடிவிடும். நிதானமானவர்கள் 'இது அசையப் போகிறது' என்று தோன்றும்போதே அழுத்திப் பழக வேண்டும். நான் அவசரக்காரன், ஆகவே அவசரக்காரர்களுக்கே எழுதுகிறேன்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 14 காணொளிகளில் 15 ஆபத்துகள். ஒரு காணொளியில் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி எடுத்தால் 45, சித்தி. ஐந்துக்கு ஆசைப்படத் தேவையே இல்லை. ஆனால் ஒன்று பூச்சியமாகி மற்றவை எல்லாம் மூன்றானால் 42, தோல்வி. எனவே ஐந்து எடுப்பதைவிடப் பூச்சியத்தைத் தவிர்ப்பதுதான் பெரிய வேலை. இந்தக் கூட்டல் கழித்தலைப் பரீட்சைக்கு முன்னர் நான் செய்திருந்தால், அந்தக் குடியிருப்புத் தெருவில் ஒவ்வொரு அசைவுக்கும் பாய்ந்திருக்க மாட்டேன்.

பல்தேர்வுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது உழைத்தால் வரும். என் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தவற்றை அப்படியே தருகிறேன்.

– நிறுத்தும் தூரம்: மணிக்கு 20 மைலில் 12 மீற்றர், 30 இல் 23, 40 இல் 36, 50 இல் 53, 60 இல் 73, 70 இல் 96. இதில் சிந்திக்கும் தூரம் ஒவ்வொரு 10 மைலுக்கும் 3 மீற்றர். மீதி பிறேக் தூரம்.
– முன்வாகனத்துக்கான இடைவெளி: உலர்ந்த வீதியில் 2 செக்கன், ஈரத்தில் 4, உறைபனியில் பத்து மடங்கு வரை.
– ரயர் தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ரயர் அகலத்தின் நடு முக்கால் பகுதிக்கு, சுற்று முழுவதும்.
– மோட்டர்வேயில் பதித்திருக்கும், ஒளி தெறிக்கும் குமிழ்கள்: இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் மஞ்சள், ஒழுங்கைகளுக்கு நடுவே வெள்ளை, உள்வரும் வெளியேறும் வழிகளில் பச்சை.
– சமிக்ஞை விளக்குள்ள பாதசாரிக் கடவை வகைகள்: பெலிக்கன் கடவையில் மஞ்சள் மினுங்கும். பஃபின் கடவையில் மினுங்காது. டூக்கன் கடவையில் துவிச்சக்கரவண்டிக்காரர் ஏறியபடியே கடக்கலாம்.

ஊரில் ஓட்டிய பழக்கம் விடையைக் கெடுக்கும் இடங்கள் தனியே சில உண்டு. வீதியின் இடப்பக்கம் ஓட்டுவதில் நமக்குச் சிக்கல் இல்லை, இரு நாடுகளிலும் அதுதான் முறை. முன்விளக்கை அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அதற்கு 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். இங்குள்ள சாரதிகள் பலர் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று சொல்ல அடிக்கிறார்கள். இங்குள்ள வீதி விதிநூலான ஹைவே கோட்டின்படி இரண்டும் பிழை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அடுத்தது பாதசாரி. 2022 ஜனவரியில் ஹைவே கோட் மாற்றப்பட்ட பிறகு, நீங்கள் திரும்பப் போகும் சந்தியில் வீதியைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். கால் வைத்துவிட்டவருக்கு மட்டும் அல்ல. பழைய பிரதியை யாரிடமாவது இரவல் வாங்கிப் படித்தால் இந்த வினாவில் அகப்படுவீர்கள். துவிச்சக்கரவண்டியைக் கடக்கும்போது, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில், குறைந்தது 1.5 மீற்றர் விட வேண்டும் என்பதும் அதே மாற்றத்தோடு வந்ததுதான்.

ஒரு பழைய வசதியைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. முன்னர் இந்தப் பரீட்சையைத் தமிழ் ஒலிவடிவில் கேட்டு எழுத முடிந்தது. 2014 ஏப்ரலில் வேற்றுமொழி ஒலிவடிவங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அந்தக் காலத்தில் தமிழில் கேட்டு ஒரே தடவையில் சித்தியடைந்த என் மாமா, நான் தவறிய அன்று மாலை தொலைபேசியில், "என்ன தம்பி, ஒண்டிலயோ கோட்டை விட்டனி?" என்று கேட்டார். ஆங்கிலம்தான் காரணம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் தவறிய பகுதியில் மொழியே இல்லை, வீதி மட்டும்தான் இருந்தது.

மறுபரீட்சைக்கு மூன்று வேலைநாட்கள் கழிந்திருந்தால் போதும். இருந்தும் எனக்குக் கிடைத்த நாள் பத்தொன்பது நாட்கள் தள்ளி வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தாலும், இப்போது அதை நல்லதாகவே எண்ணுகிறேன். அரச இணையத்தளத்திலேயே பதியுங்கள். தேடும்போது மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் அதே 23 பவுண் பரீட்சைக்குத் தம் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடும்.

இப்போதைய என் அட்டவணையில் பல்தேர்வுக்கு நாளொன்றுக்கு ஒரு மாதிரித் தாள் மட்டும். அதைக் கைவிடக்கூடாது, முதல் தடவை கிடைத்த 48 இம்முறையும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மீதி நேரம் முழுவதும் காணொளிகள். முன்னர் பார்த்ததையே மீண்டும் பார்ப்பதில்லை. ஆபத்து எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் அது பயிற்சியாகாது. இரவும் மழையும் பனியுமாக வரும் காணொளிகளைத் தேடிச் செய்கிறேன், ஏனென்றால் அவற்றில் ஏ-9 கண் இன்னும் அதிகமாகப் பதறுகிறது. கைத்தொலைபேசித் திரையை விட்டுவிட்டு மடிக்கணினியும் மவுஸும் வைத்துப் பழகுகிறேன். விரலால் தட்டுவதும் மவுஸை அழுத்துவதும் ஒன்றல்ல என்பது அன்று மண்டபத்தில்தான் தெரிந்தது.

கடந்த நான்கு மாதிரிகளில் 47, 51, 46, 54 வந்துள்ளன. பூச்சியம் இன்னும் முற்றாக நிற்கவில்லை. பெரும்பாலும் இரட்டை ஆபத்துள்ள காணொளியிலேயே வருகிறது. முதலாவதைப் பிடித்துவிட்ட நிம்மதியில் கை தளர்ந்து, இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். எந்தக் காணொளியில் இரண்டு வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், பதினான்கிலும் இரண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, படம் கறுக்கும் வரை வினைச்சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். பரீட்சை அடுத்த வியாழன் காலை. இம்முறை அந்த மூன்று நிமிட இடைவேளையை எடுப்பேன்.