இது… சாவி

வலிப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் குழந்தையின் மூளையில் பேச்சு எங்கே குடியிருக்கிறது என்று தேடுவது என் வேலை. 'வாடா சோதனை' என்று நான் சொல்லும்போதெல்லாம் பெற்றோர் ஒரு கணம் விழிப்பார்கள். யாரையும் அதட்டவில்லை, ஜப்பானில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜூன் வாடா என்ற மருத்துவரின் பெயர் அது. கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்கவைத்து, மறுபாதி பேசுகிறதா என்று பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அது எளிதல்ல. இப்போது பெரும்பாலும், பேசும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான்.

அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு ஸ்கேன் போதவில்லை. வலிப்பு கிளம்பும் இடமும் பேச்சின் இடமும் இடது பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. அறுவை செய்து மூளையின் மேல் மின்முனைத் தகட்டைப் பதித்தார்கள். பிறகு வார்டில், அவன் விழித்திருக்கும்போதே, இரண்டிரண்டு முனைகளாகச் சில நொடிகள் மின்சாரம். அது பாயும்போது பேச்சு தடைபட்டால் அங்கே பேச்சுப் பகுதி. மூளைக்கு வலி தெரியாது. ஆனால் மின்சாரமே வலிப்பை மூட்டிவிடலாம் என்பதால் ஒருவர் மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

படத்தைப் பார்த்து "இது பூனை", "இது குடை" என்று அவன் சொல்ல வேண்டும். அந்த 'இது' முக்கியம். 'இது' வந்து பூனை வராவிட்டால் பெயர் மட்டும் தடைபட்டிருக்கிறது. 'இது'வே வராவிட்டால் நாக்கே நின்றிருக்கலாம்.

வண்ணத்துப்பூச்சியில் தயங்கினான். அந்த இடத்தைப் பேச்சுப் பகுதி என்று மூளை வரைபடத்தில் குறிக்கப் போனார்கள். எனக்கு உறுத்தியது. மின்சாரம் இல்லாமல் மறுபடி காட்டினேன், அப்போதும் தயக்கம். வீட்டில் பட்டாம்பூச்சி, பள்ளியில் பட்டர்ஃபிளை. முதல் நாள் ஒத்திகையிலேயே இதைக் கவனித்தும், நேரமாகிவிட்டதென்று விட்டிருந்தேன். சட்டென்று சொல்லாத படத்தைப் படக்கட்டிலிருந்து உருவிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. என் சோம்பலால், வெட்டி எடுக்க வேண்டிய இடம் பேச்சுப் பகுதி என்று பெயர் வாங்கித் தப்பியிருக்கும். வலிப்பும் அதோடு தங்கியிருக்கும்.

வேறு இரண்டு முனைகளுக்கு மாறினோம். சாவிப் படம். "இது…" உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. மின்சாரம் நின்ற மறுநொடி "சாவி!" என்று கத்தினான். இன்னொரு படத்திலும் அப்படியே. மூன்றாவது முறை சாவியையே திரும்பக் காட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா பொறுக்கமாட்டாமல் "சாவி, கண்ணா, சாவி" என்று எடுத்துக்கொடுத்துவிட்டார். அந்த முறை கணக்கில் சேராது.

கடிந்துகொள்ள மனம் வரவில்லை. வெளியே உட்காரச் சொன்னோம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அங்கிருந்து படம் தெரியாது.