ரயில் பாதைக்கு எத்தனை தலைமுறை? காட்டுயிர் மரபியல் படிக்கிறவர்களுக்கு

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர் வைவாவில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். யானை லத்தியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதுதான் என் ப்ராஜெக்ட். பாலக்காட்டுக் கணவாய் வரைபடத்தைப் போட்டு, வடக்கே நீலகிரிப் பக்கத்து யானைகளும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபடுகின்றன என்று 2005-ல் வந்த ஆய்வைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோயம்புத்தூர்–பாலக்காடு ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் குறுக்கே வந்ததால்தான் இந்தப் பிரிவு" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் கோபப்படவே இல்லை. "ரயில் எப்போம்மா வந்தது?" என்றார். முழித்தேன். "1862-ன்னு வச்சுக்க. யானைக்கு ஒரு தலைமுறை எத்தனை வருஷம்?" இருபது, இருபத்தைந்து சார். "அப்போ எத்தனை தலைமுறை ஆச்சு?" ஏழு. "ஏழு தலைமுறையில எவ்வளவு பன்மை போகும்? போர்டுல போடு." சூத்திரம் தலைகீழாகத் தெரியும். ஆனால் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன்.

அன்று போட முடியாததை இங்கே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தில் பாதி இதற்குள் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு இழக்கும் ஹெட்டிரோசைகோசிட்டி (தாயும் தந்தையும் தந்த மரபணு வடிவங்கள் வேறுவேறாக இருக்கும் அளவு, பன்மைக்கு அளவுகோல்) 1/(2Ne) பங்கு. இதில் Ne என்பது காட்டில் நிற்கும் மொத்தத் தலைகள் அல்ல, அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுப்பதைக் கணக்கில் எடுக்கும் செயல்திறன் எண்ணிக்கை. நீலகிரிப் பக்கம் யானைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, Ne வெறும் ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு 1/2000, ஏழு தலைமுறைக்கு சுமார் 0.35 சதவீதம். ரயில் வந்த நாளிலிருந்து ஒரு யானைகூடக் கடக்கவில்லை என்று வைத்தாலும் இவ்வளவுதான். ஆய்வில் தெரிந்த பிரிவை இது உண்டாக்கியிருக்க முடியாது. தடை அந்தக் கணவாயேதான், மலைத்தொடர் அறுந்து சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் நிலம். அது ரயிலுக்கு எவ்வளவோ முந்தியது.

அப்படியானால் ரயிலால் யானைக்குக் கேடில்லையா என்று கேட்காதீர்கள். மதுக்கரை, வாளையாறு பக்கம் ரயிலில் அடிபட்டுச் செத்த யானைகள் எத்தனை! மரபணுவில் தெரிவதற்கு முன்னால் தலைக்கணக்கில் தெரிந்துவிடும், அவ்வளவுதான். நெடுநாள் வாழும் விலங்குகளில் காடு துண்டானதன் தடம் மரபணுவில் ரொம்பத் தாமதமாக விழும். அதனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் மூன்று எண்களை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தடை வந்து எத்தனை வருடம், அந்த விலங்குக்கு ஒரு தலைமுறை எத்தனை வருடம், Ne எவ்வளவு. நான் வைவாவுக்குப் பிறகுதான் ஆரம்பித்தேன், கொஞ்சம் வெட்கம்தான்.

இதே சூத்திரத்தில் Ne 10 என்று போட்டால் படம் மாறிவிடும். தலைமுறைக்கு 5 சதவீதம், பத்துத் தலைமுறையில் 40 சதவீதம் போயே போய்விடும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பாந்தர் (பூமாவில் ஒரு வகை) 1990-களின் தொடக்கத்தில் இருபது முப்பது என்ற அளவுக்கு வந்தபோது வால் நுனி மடிந்த குட்டிகள், விரை இறங்காத ஆண்கள், இதயக் கோளாறு எல்லாம் தலைகாட்டின. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள், அவற்றில் ஐந்து குட்டி போட்டன, எண்ணிக்கை பிறகு நூறைத் தாண்டியது. வெளியிலிருந்து விலங்கைக் கொண்டுவந்து பன்மையைக் கூட்டும் மரபியல் மீட்பு என்றால் எல்லாப் புத்தகமும் இதைத்தான் சொல்லும். ஆனால் விடைத்தாளில் ஒடிசாவின் சிமிலிபால் கரும்புலியையும் சேர்த்து எழுதுங்கள். தனித்துப்போன சின்னக் கூட்டத்தில் ஓர் அரிய அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) எப்படிப் பெருகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்வதற்கு Taqpep என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் காரணம் என்று 2021-ல் காட்டினார்கள். 2024-ல் மகாராஷ்டிராவின் தடோபா புலிகள் காப்பகத்திலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண் புலிகளை அங்கே கொண்டுபோனார்கள். ஜீனத் ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று சுற்றிவிட்டு பாங்குராவில் பிடிபட்டுத் திரும்பியது தனிக்கதை. விலங்கைக் கொண்டுவந்து விட்டால் மட்டும் போதாது, அது அங்கே தங்கி இனப்பெருக்கம் செய்தால்தான் மரபணு வரவு.

அடுத்தது பாலின விகிதக் கணக்கு. Ne = 4NmNf/(Nm+Nf), இதில் Nm இனப்பெருக்கம் செய்யும் ஆண்கள், Nf பெண்கள். எத்தனை முறை எழுதிப் பார்த்தும் எனக்கு மனதில் நிற்கவில்லை, பெரியாறு யானைகளைப் பற்றிப் படிக்கும் வரை. தந்தத்துக்காக ஆண்களை வேட்டையாடி, 1980-களின் கடைசியில் அங்கே வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஓர் ஆண் என்ற நிலை வந்தது. சூத்திரத்தில் 1, 100 என்று போடுங்கள்: 400/101, நான்குகூட இல்லை. நூற்றொரு யானை நிற்கிறது, மரபியல் கணக்கில் நான்கு! அதற்கப்புறம் எனக்கு அந்தச் சூத்திரம் மறக்கவே இல்லை.

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு: லைஃப் சயின்ஸில் இது பத்தாவது, பதினோராவது யூனிட்டுகளில் பிரிந்து கிடக்கும், சேர்த்துப் படியுங்கள். சி பகுதியில் 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், தவறுக்கு மதிப்பெண் குறையும். கணக்குக் கேள்விகளை நான் முதலில் எடுத்தேன், வாக்கியத் தேர்வுக் கேள்விகளைவிட அவற்றில் சந்தேகம் குறைவு. இரண்டு இடங்களில் குழம்பாதீர்கள். ஹெட்டிரோசைகோட் குறைவாகத் தெரிந்தவுடன் உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம்) என்று டிக் அடிக்காதீர்கள், இரண்டு தனிக் கூட்டங்களை ஒன்றாக அள்ளிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும், அதற்கு வாலுண்ட் விளைவு என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாய்வழி மட்டும் வரும், யானையில் பெண்கள் பிறந்த கூட்டத்தோடு நிற்க ஆண்கள் விலகிப் போகும், ஆகவே மைட்டோகாண்ட்ரியாவில் கூட்டங்கள் பிரிந்து தெரிந்தாலும் செல்லின் உட்கரு டி.என்.ஏ. ஆண்கள் மூலம் கலந்துகொண்டிருக்கலாம். நீலகிரிப் பக்கத்து யானைகளில் அந்த 2005 ஆய்வு கண்ட மைட்டோகாண்ட்ரியா வகை ஒன்றே ஒன்று. ஆசியாவின் பெரிய கூட்டங்களில் ஒன்று அது!

ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு இரண்டே விஷயம். லத்தியின் உள்ளே தோண்டாதீர்கள், குடலின் செல்கள் ஒட்டியிருப்பது வெளிப்பரப்பில்தான், பளபளவென்று இருக்கும் புது லத்தியாகப் பார்த்து அதன் மேலிருந்து எடுங்கள். மாதிரியில் டி.என்.ஏ. குறைவாக இருப்பதால் இரண்டு அல்லீலில் ஒன்று விட்டுப்போய் ஹெட்டிரோசைகோட்டே ஹோமோசைகோட் (இரண்டு அல்லீலும் ஒன்றேயானது) போலத் தெரியும், அதனால் ஒரே மாதிரியை மூன்று நான்கு முறை பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) ஓட்டித்தான் நம்ப வேண்டும். அப்புறம் ட்யூபில் பெயரைப் பென்சிலால் எழுதிய தாளாக உள்ளே போடுங்கள். நான் பேனாவில் வெளியே எழுதினேன். ஜீப் குலுக்கலில் எத்தனால் கசிந்து மை மொத்தமும் அழிந்து, பதினோரு யானைகள் ஊர் பேர் இல்லாமல் லேபுக்கு வந்து சேர்ந்தன.