பைன் காட்டில் பூப் பார்க்கும் நடை

கொலராடோவுக்குக் குடிவந்த புதிதில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. நாய்களின் பெயரைத்தான் கேட்டார்கள். ராக்கி மலைச்சரிவில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் வீடு. சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு. இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு காலையும் மாலையும் அதற்குள் போயே ஆக வேண்டும். அவை பத்தடிக்கு ஒருமுறை நின்று எதையாவது மோந்து பார்க்கும். சும்மா நிற்கிற நேரத்தில் காலடியில் இருப்பதைப் படம் எடுக்கலாமே என்று ஆரம்பித்ததுதான் இந்தப் பூப்பைத்தியம்.

ஏப்ரலில், பனி முழுக்க உருகும் முன்பே, உதிர்ந்த பைன் ஊசிகளுக்கு நடுவே பாஸ்க் பூ தலைகாட்டும். வெளிர் ஊதா நிறம். தண்டிலும் இலையிலும் கம்பளி போர்த்தியது போல மெல்லிய மயிர். வெயிலை எதிரில் வைத்து எடுத்தால் அந்த மயிர் ஒவ்வொன்றும் ஒளிரும்.

ஜூனில் பெயின்ட்பிரஷ் என்ற காட்டுப்பூ வரும். சிவப்பாக நம் கண்ணைப் பறிப்பது இதழ் அல்ல, பூவடிச் செதில், அதாவது பூவுக்கு அடியில் இருக்கும் இலை. நிஜப் பூ அதற்குள் ஒடுங்கிய பச்சைக் குழல். பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சாறு உறிஞ்சிப் பிழைக்கிற ஆசாமி அது. அப்புறம் நீலமும் வெள்ளையுமான கொலம்பைன். 1899 முதல் இதுதான் மாநிலப் பூ. பொது நிலத்தில் இதை வேரோடு பிடுங்கக் கூடாது, ஒரு நாளில் 25க்கு மேல் பறிக்கக் கூடாது என்று 1925இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். படத்துக்கு வரம்பு இல்லை, நல்லவேளை.

இந்த உயரத்தில் நடுப்பகல் வெயில் கொடுமையானது. வெள்ளை இதழ்கள் வெறும் வெளுப்பாகத்தான் பதியும். மேகம் கூடும் நேரம் நல்லது. இல்லையென்றால் பெரிய நாயை வெயில் பக்கம் நிறுத்திவிட்டு, அதன் நிழலில் எடுப்பேன். கயிறு இடுப்பில் கட்டியிருக்கும். அணில் கண்ணில் படாதவரை இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

போன வருடம், வழியில் அடிக்கடி சந்திக்கும் ஒரு பாட்டி, "கலிப்ஸோ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். நிழலும் ஈரமுமான ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். விரலளவே உயரம், இளஞ்சிவப்பு ஆர்க்கிட். தேனே கிடையாது, தேன் இருப்பது போல ஏமாற்றித்தான் வண்டுத்தேனீக்களை வரவழைக்கிறது. மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சை இருந்தால்தான் வளரும், பெயர்த்து நட்டால் பெரும்பாலும் செத்துவிடும். நாய்களைத் தள்ளிக் கட்டிவிட்டு, தரையில் படுத்து எடுத்தேன். எழுந்ததும் பாட்டி முதலில் சொன்னது, போனில் இடக்குறிப்பை அணைத்துவிடு என்பதுதான். இடம் வெளியே தெரிந்தால் ஆட்கள் வந்து மிதித்தே அழித்துவிடுவார்கள் என்றார். அணைத்தேன். அந்தச் சரிவு எங்கே என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.