ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுப்பதற்கு முன்: ஒரு கிட் களஞ்சியம் மீண்ட அனுபவம்

விசைப்படகு உரிமையாளர்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சிறு அலுவலகம் ஒன்றைக் கீழக்கரையில் நடத்துகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மண்டபம், பாம்பன் பக்கத்து வாடிக்கையாளர்கள் கேட்கும் மாற்றங்களைச் செய்து முடிப்போம். அந்த நேரம் பார்த்து, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மதியத்தில், மூல நிரலின் வரலாறு முழுவதும் இருந்த வெளிப்புற ஹார்ட் டிஸ்க் திறக்க மறுத்தது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியமாக, அதாவது அது தன் பதிவுகளை வைக்கும் கோப்புறையாக, அந்த வரலாறு இருந்தது. நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போகும்போது எங்களிடம் ஒப்படைத்தது அந்த ஒன்றை மட்டுமே.

உடனே ராமநாதபுரத்தில் டேட்டா மீட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்த ஒரு கடைக்குப் போனேன். டிஸ்க்கை முதலில் அப்படியே நகல் எடுத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதற்கு, "அதெல்லாம் தேவையில்ல சார், செக் போட்டாலே வந்துரும்" என்று சொல்லி, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை அசல் டிஸ்க்கின் மீதே கடைக்காரர் ஓடவிட்டார். "எல்லாம் வந்துருச்சு" என்று அவர் திருப்பிக் கொடுத்ததில் களஞ்சியக் கோப்புறை இல்லை. அதற்குப் பதிலாக, ஃபவுண்ட் என்ற கோப்புறைக்குள் செக்டிஸ்க் மீட்டெடுத்து வரிசை எண் மட்டும் இட்ட சிஎச்கே கோப்புகள் குவிந்து கிடந்தன. மின்வெட்டு செய்த சேதத்தைவிட இந்த உதவி செய்த சேதம் பெரிது என்பதே என் கருத்து. இருந்தும் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

துபாயில் கணினித் துறையில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு அன்றிரவே போன் செய்து, "காக்கா, ஒரு கோப்புக்கும் பேர் இல்லை" என்றேன் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). "பேரு போனாப் போகட்டும் தம்பி, உள்ள இருக்கிறது இருந்தாப் போதும். அதோட பேரை அதுவே சொல்லிரும்" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் கிட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அது தான் சேமிக்கும் ஒவ்வொரு துண்டையும் ('பொருள்' என்பார்கள்) வகை, அளவு ஆகியவற்றைக் கூறும் சிறு தலைப்போடு சேர்த்து, உள்ளடக்கத்திலிருந்தே ஒரு கைரேகை போன்ற குறியீட்டைத் தரும் எஸ்எச்ஏ-1 முறையில் கணக்கிட்டு, கிடைக்கும் 40 எழுத்துகளையே அதன் பெயராக வைக்கிறது. முதல் 2 எழுத்துகள் கோப்புறைக்கும் மீதி 38 எழுத்துகள் கோப்புக்கும் பெயராகின்றன. ஆகவே ஒரு சிஎச்கே கோப்பைச் சுருக்கம் நீக்கிப் பார்த்து, தொடக்கத்தில் கமிட் (ஒரு மாற்றத்தின் பதிவு), ட்ரீ (கோப்புறையின் பட்டியல்), பிளாப் (ஒரு கோப்பின் உள்ளடக்கம்) என்ற சொற்களில் ஒன்று இருந்தால், அதன் பெயரைத் திரும்பவும் கணக்கிட்டுவிடலாம். காக்கா எழுதி அனுப்பிய சிறு பைதான் நிரல் இதைத்தான் செய்தது.

முதல் முயற்சியில் கிட் அவற்றை ஏற்கவில்லை. செக்டிஸ்க் மீட்கும் கோப்புகள் டிஸ்க்கின் கிளஸ்டர் (டிஸ்க் இடம் ஒதுக்கும் அலகு) அளவுக்கு நிரப்பப்பட்டிருப்பதால் வாலில் குப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். பொருளின் முடிவில் குப்பை இருப்பதாகக் கூறி கிட் நிராகரித்துவிடும். பிரித்தெடுத்த உள்ளடக்கத்தை மறுபடி சுருக்கிப் புதிதாக எழுதிய பிறகே அது வழிக்கு வந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் இந்தப் படியை விட்டுவிட வேண்டாம்.

அடுத்து, எந்தக் கமிட் கடைசி என்று தெரிய வேண்டியிருந்தது. எங்களுடையது 'பேர்' (bare) வகைக் களஞ்சியம், அதாவது வேலை செய்யும் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் இருப்பது. அவ்வகையில், கிளைகள் எந்தெந்தக் கமிட்டில் நின்றன என்று குறித்து வைக்கும் ரெஃப்லாக் இயல்பாக எழுதப்படுவதில்லை என்பதால் அந்த வழி அடைபட்டிருந்தது. களஞ்சியத்தைச் சோதிக்கும் கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற தேர்வோடு இயக்கியபோது, எதோடும் இணையாமல் தொங்கிய கமிட்டுகளை அது பட்டியலிட்டது. அவற்றுள் தேதியில் கடைசியானதைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் கிளையை நிறுத்தினோம்.

ஒரே ஒரு பிளாப் மட்டும் காணவில்லை என்று எஃப்எஸ்சிகே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ட்ரீயைப் பார்த்ததில், அது ரசீதின் தலைப்பில் அச்சாகும் படகுப் படம் என்று தெரிந்தது. அந்தப் படம் மண்டபத்து வாடிக்கையாளர் ஒருவரின் கணினியில் மென்பொருளை நிறுவிய கோப்புறையில் இருந்தது. அதை வாங்கி, ஒரு கோப்பை கிட் பொருளாக மாற்றும் ஹேஷ்-ஆப்ஜெக்ட் கட்டளையால் களஞ்சியத்தில் எழுதியபோது, காணாமல் போன அதே 40 எழுத்துகள் திரையில் வந்தன. என் மேசைக்கு எதிரே இருந்த பையன் விசிலடித்தே விட்டான்.

களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் தளத்தில் புதிய தொலைக் களஞ்சியம் அமைத்தது பெரிய வேலையில்லை. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலான டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ இல்லாமல் உட்கார்ந்தால் மாலைப்பொழுது வீணாகும். இப்போது அலுவலகத்தில் இருக்கும் 'பேர்' வகைக் களஞ்சியத்திலும் ரெஃப்லாக் எழுதும்படி அமைத்துவிட்டோம். வாரந்தோறும் கிட் பண்டில் கட்டளையால் எல்லாக் கிளைகளின் வரலாற்றையும் ஒரே கோப்பாக்கிக் காக்காவுக்கும் அனுப்பிவிடுகிறோம். அந்தக் கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பண்டில் வெரிஃபை கட்டளையால் சோதித்துப் பார்த்துவிட்டு அவர் சரி என்று பதில் போட்ட பிறகே அந்த வாரத்துக் கணக்கு முடிகிறது.