எனக்குக் கிடைத்தது ஜெமினி

குடும்ப வாட்சப் குரூப்பை ரெண்டு நாள் திறந்து பார்க்காமல் இருந்தது என் தப்புதான். அதற்குள் எல்லாம் பங்கு போட்டு முடிந்திருந்தது. எம்.ஜி.ஆர். அத்தை மகனுக்கு. சிவாஜி என் சகலைக்கு. நாகேஷ் தம்பிக்கு; அவனுக்கு மேக்கப்பே வேண்டாம், சட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டால் போதும். எம்.ஆர்.ராதாவைக்கூட யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது என் பெயருக்கு நேராக எழுதியிருந்தது: ஜெமினி கணேசன்.

பெரியப்பாவுக்குப் புதுக்கோட்டையில் எண்பதாம் கல்யாணம். காலையில் ஹோமம், கலச அபிஷேகம் எல்லாம் முடிந்ததும், மாலையில் பேரன் பேத்திகள் ஏற்பாட்டில் ‘அந்தக் கால நாயகர்கள்’. ஆளுக்கு மூன்று நிமிடம் மேடையில் வந்து ஒரு நடிகரைப் போல செய்து காட்ட வேண்டும். “புதுக்கோட்டைக்காரர் அவர். அவர் ஊர்லயே அவர் இல்லாம புரோகிராமா?” என்று கீழே ஒரு கைகூப்பல் பொம்மையோடு செய்தி. மறுக்க வழியில்லை.

சரி, பெரிய விஷயமா, யூட்யூபில் யாராவது மிமிக்ரி கலைஞர் செய்திருப்பார், பார்த்துக் காப்பியடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி போனது. எம்.ஜி.ஆர். குரல் நூறு பேர் செய்கிறார்கள். சிவாஜி, ராதா, நம்பியார், பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு, எல்லாம் வண்டி வண்டியாக இருக்கிறது. ஜெமினியை மட்டும் சீந்த ஆளில்லை. யோசித்தால் காரணம் புரிந்தது. மிமிக்ரிக்கு ஒரு கொக்கி வேண்டும். கட்டைவிரலால் மூக்கைத் தொடுவது, கண்ணை உருட்டுவது, குரலை ஏற்றி இறக்குவது என்று பிடித்துத் தொங்க ஏதாவது வேண்டும். இந்த மனிதர் எதையுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வருகிறார், பேசுகிறார், கேட்கிறார், போகிறார். பாட்டுக் குரலிலாவது பிடிக்கலாம் என்றால் அது அவருடையதே இல்லை, முதலில் ஏ.எம்.ராஜா, அப்புறம் பி.பி.ஸ்ரீநிவாஸ். ரெண்டு பேருமே காதில் பஞ்சு வைத்தாற்போல பாடுகிறவர்கள்.

கண்ணாடி முன் நின்று ஒரு மென்மையான புன்னகை செய்து பார்த்தேன். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஆதார் கார்டுக்கு போட்டோ எடுக்கும்போதும் இப்படித்தான் நின்னீங்க” என்றாள்.

நாடக உடை வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன். முடி விஷயத்தில் நான் கொஞ்சம் பின்தங்கியவன் (முன்னால் இருந்ததெல்லாம் போய்விட்டது), ஆகவே விக் அவசியம். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். “எம்.ஜி.ஆர். தொப்பி, கண்ணாடி செட்டா இருக்கு. சிவாஜின்னா கட்டபொம்மன் மீசை, கர்ணன் கிரீடம் ரெண்டும் இருக்கு. என்ன வேணும்?”

“ஜெமினி கணேசன்.”

அவர் பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குன்னு தனியா ஒண்ணும் வராதே சார். சும்மா படிய வாரின தலைதான அது?” கடைசியில் நாடகங்களில் மாப்பிள்ளை வேஷத்துக்குக் கொடுக்கும் ஒரு விக்கை எடுத்து, முன்பக்கத்தில் ஒரு கற்றையை விரலில் சுற்றி நெற்றிப் பக்கம் தொங்கவிட்டார். “இந்தச் சுருளைக் கலைக்காம பாத்துக்கங்க. ஜெமினி இதுலதான் இருக்காரு.”

விசேஷத்துக்கு முந்தின நாளே புதுக்கோட்டை போய் நேராக அத்தையிடம் சரணடைந்தேன். அத்தை, பெரியப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் ஜெமினியின் ஒரே ரசிகை. பெரியப்பா சிவாஜி பக்தர். 1959-ல் வந்த ரெண்டு படங்கள் அந்த வீட்டை ரெண்டாகப் பிரித்துவிட்டன: ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கல்யாண பரிசு’. அண்ணனுக்கு வரி கேட்ட துரையை வசனத்தால் விரட்டிய கணேசன். தங்கைக்கு, காதலித்தவள் அக்காவுக்காக விட்டுக்கொடுத்துவிட, அந்த அக்காவையே கட்டிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கிய கணேசன். கட்டபொம்மனில் வெள்ளையத்தேவனாக ஜெமினியும் உண்டு, போரில் செத்துப்போவார். “எங்க படத்துல உங்க ஆளு பாதியிலேயே காலி” என்று பெரியப்பா இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ‘சாம்பார்’ என்பார். அந்தக் கால சினிமா சண்டைகளில் எம்.ஜி.ஆர். கட்சியும் சிவாஜி கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஜெமினிக்கு வைத்த பெயர் சாம்பார். கத்தி சுழற்றவில்லை, கர்ஜிக்கவில்லை, காரம் போதாது என்ற அர்த்தத்தில். கத்தியே எடுக்காதவர் என்பது அநியாயம், ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ எல்லாம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் பத்மினி, வைஜயந்திமாலா போட்டி நடனத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், வாலிபனை அல்ல. இதுவும் அந்த மனிதருக்கு வாய்த்த ராசி.

அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நடந்து காட்டு.”

நடந்தேன்.

“ஏன்டா பேங்க்ல டோக்கன் கூப்பிட்ட மாதிரி ஓடுற? மெதுவா வா. தோளை இறக்கு. முகத்துல ஒண்ணும் பண்ணாத.”

“ஒண்ணும் பண்ணலைன்னா ஜெமினின்னு எப்படி அத்தை தெரியும்?”

“அதான்டா கஷ்டம். அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. எதிர்ல இருக்கிறவ பேசுறதைக் கேப்பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் கேப்பீங்களா? அதுக்குத்தான் காதல் மன்னன்னு பேரு வச்சாங்க.”

அப்புறம் டிவியில் ‘பாசமலர்’ போட்டுக் காட்டினார். 1961-ல் வந்தது. அண்ணன் சிவாஜி, தங்கை சாவித்திரி, ரெண்டு பேரும் அழுது அழுது நமக்கும் மூக்கு அடைத்துக்கொள்ளும். நடுவில் தங்கையின் கணவராக ஜெமினி. “இந்த ரெண்டு பேரும் இப்படி நடிக்கிறப்ப நடுவுல ஒருத்தன் நிக்கணும். நானும் அழுறேன்னு குதிச்சா படம் அவுட்டு. அவரு நின்னாரு” என்றார் அத்தை. எனக்கு முதல்முறையாக அந்த ஆள் மேல் ஒரு மரியாதை வந்தது. எங்கள் ஆபீசில் ரெண்டு மேனேஜர்கள் மோதிக்கொள்ளும்போது நடுவில் நின்றிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய நடிப்பு என்று எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி அத்தை சொன்ன கதைகளில் பாதி எனக்குப் புதுசு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ராமசாமி கணேசன், 1947-ல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிக்க அல்ல, நடிக்க வருகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலை. (ரெண்டு குழந்தைகள் குழல் ஊதும் அந்த ஜெமினி சின்னம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஸ்டூடியோ போய்விட்டது, பாலத்துக்கு மட்டும் பேர் ஒட்டிக்கொண்டது. அது அரசாங்கக் கணக்கில் அண்ணா மேம்பாலம், ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்றால்தான் போகும்.) அந்த வருடமே ‘மிஸ் மாலினி’யில் சின்ன வேஷம். 1952-ல் ‘பராசக்தி’யில் ஒரு கணேசன் ஹீரோவாகக் குதித்தபோது, இந்தக் கணேசன் ‘தாய் உள்ளம்’ படத்தில் வில்லன். ஹீரோ யார் தெரியுமா? ஆர்.எஸ்.மனோகர்! பின்னாளில் எத்தனை படங்களில் அடிவாங்கிய மனோகர்! ரெண்டு பேரும் எந்த முனையில் இடம் மாறிக்கொண்டார்களோ. மறு வருடமே ‘மனம் போல மாங்கல்யம்’ படத்தில் இவர் ஹீரோ, சாவித்திரி ஜோடி.

சாவித்திரி பெயர் வந்ததும் அத்தை ஊஞ்சலை நிறுத்தினார். ஒரு பெருமூச்சு. ஜெமினியின் சொந்த வாழ்க்கை பற்றி மேலே கேட்டால், “அது அவங்க வீட்டு விஷயம், நீ நடந்து காட்டு” என்று சொல்லிவிட்டார். ரசிகை என்றாலும் அந்த விஷயத்தில் அவருக்குக் கோபம் உண்டு என்று நினைக்கிறேன். ‘நான் அவனில்லை’ மட்டும் அவருக்குப் பிடிக்காது. 1974-ல் பாலசந்தர் இயக்கத்தில் ஜெமினியே தயாரித்து, வேஷம் வேஷமாக மாற்றிப் பெண்களை ஏமாற்றுகிறவராக நடித்த படம். தன் பட்டத்தைத் தானே கழற்றிவைத்துக் கிண்டல் செய்ய ஒரு தைரியம் வேண்டும் என்று நான் சொல்லிப்பார்த்தேன். “போடா” என்றார்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி மகள், “யாரு, ‘அவ்வை சண்முகி’ல மாமி பின்னாடி சுத்துவாரே, அந்தத் தாத்தாவா?” என்றாள். 75 வயதைத் தாண்டிய பிறகும் புடவை கட்டிய கமல் பின்னால் அந்த ஆசையோடு சுற்றினாரே, அது ஒன்றுதான் அவள் தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை. மண்டபம் சின்னது. மேடைக்கு இடது பக்கம் ஒரு துணித் திரை, அதற்கு அந்தப் பக்கம் டிபன் பந்தி. இட்லி வாசனை மேடை வரைக்கும் வந்தது. முதல் ஆளாக அத்தை மகன் எம்.ஜி.ஆராக வந்து ரெண்டு கையையும் தூக்கினார், விசில். சகலை கட்டபொம்மனாக வந்து வசனத்தில் பாதியை மறந்தார். மீதியைப் பெரியப்பாவே மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று முடித்துவைத்தார், மண்டபமே இடிந்தது. அடுத்து நான்.

ஜிப்பா, பட்டுக்கரை வேட்டி, விக், சுருள். ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பாட்டு ஆரம்பித்தது. தோளை இறக்கினேன். முகத்தில் ஒன்றும் பண்ணவில்லை. நாலு அடி வைத்திருப்பேன், ப்ளூடூத் புட்டுக்கொண்டது. பாட்டு நின்று, யாரோ ஒருவருடைய போனிலிருந்து கேஸ் புக்கிங் செய்ய எண் ஒன்றை அழுத்தச் சொல்லி ஒரு பெண் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதுவும் நின்றது.

அமைதி. நான் மேடை நடுவில். அங்கிருந்த இருநூறு பேரில் பாதிப் பேருக்கு நான் யார் வேஷத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், “மாப்பிள்ளையோட மச்சினரா?” என்று கேட்பது எனக்கே கேட்டது.

அப்போதுதான் பெரியப்பாவுக்குக் குறும்பு வந்தது. அறுபத்தைந்து வருட வழக்கம், எண்பதாம் கல்யாணத்தன்று மட்டும் விடுமா? கையைக் குவித்து வாயில் வைத்து, கட்டபொம்மன் குரல் இன்னும் இறங்காத தொண்டையோடு கத்தினார்:

“சாம்பார்!”

கூட்டம் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் திரை விலகியது. பரிமாறுகிற பையன் ஒருவன், ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி, ஓட்டமாக மேடையேறிவிட்டான். பாவம், விழா நாயகரே கேட்கிறார், தாமதிக்க முடியுமா? நேரே என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, “யாருக்கு சார்?” என்றான். மைக் அதையும் எடுத்துக்கொண்டது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தான். என்னை அறியாமல் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. தலையை ஒரு இம்மி சாய்த்தேன். அவ்வளவுதான்.

“இதான்டா! இப்பதான்டா ஜெமினி!” முன்வரிசையிலிருந்து அத்தை முட்டி வலியை மறந்து எழுந்து கை தட்டினார். மண்டபம் சிரித்துக் கொட்டியது. பையனும் என்னவென்று புரியாமலே சிரித்தான். பெரியப்பா தங்கையைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

அதோடு இறங்கியிருக்க வேண்டும். கைதட்டல் தலைக்கேறி, நன்றாகக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தேன். வேர்வையில் ஊறியிருந்த விக் முன்பக்கமாக நழுவியது. பாய்ந்து பிடித்துவிட்டேன், பெருமைக்குச் சொல்லவில்லை, நல்ல கேட்ச். ஆனால் அந்தச் சுருள் மட்டும் வாளிக்குள் ஒரு முறை முங்கி எழுந்தது. பையன் வாளியைப் பார்த்தான், என் வழுக்கையைப் பார்த்தான், பேசாமல் திரைக்குப் பின்னால் போய்விட்டான். அந்த வாளி அப்புறம் பந்திக்குப் போகவில்லை என்று தம்பி அடித்துச் சொல்கிறான். நான் அன்று இட்லிக்குச் சட்னியோடு நிறுத்திக்கொண்டேன்.

விக்கை ரெண்டு தடவை ஷாம்பூ போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பையிலிருந்து எடுத்தவர் சுருளைத் தடவிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெருங்காயம் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை.

“என்ன சார், சாம்பாரா?”

“ஜெமினிதான்” என்றேன். அட்வான்சில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.